விளம்பரம் இல்லாத மெயிலுக்கு மாறினால் போதுமா?

2024 ஜனவரி 14 – கேள்வி

"பதினைந்து வருடமாக ஜிமெயில்தான். என் கடிதங்களை எல்லாம் படித்துத்தான் விளம்பரம் காட்டுகிறார்கள். கடிதங்களைப் பூட்டி வைக்கும் மெயில் சேவைகளான புரோட்டான், டூட்டா இரண்டில் ஒன்றுக்கு மாறிவிட்டால் யாராலும் படிக்க முடியாது, அத்தோடு பிரச்சினை முடிந்தது என்கிறார் உடன் வேலை செய்பவர். எதற்கு மாறலாம்? ஒரே வரியில் பதில் போதும்."

ஜனவரி 14, இரவு

ஒரே வரி: புரோட்டான். போய்த் தூங்குங்கள்.

ஜனவரி 15

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதிய அந்த ஒரு வரியை வாபஸ் வாங்குகிறேன். கேள்விக்குள்ளேயே இரண்டு முடிச்சு இருக்கிறது. அவற்றை அவிழ்க்காமல் பெயரைச் சொல்லிவிட்டேன்.

முதல் முடிச்சு, "படித்து விளம்பரம் காட்டுகிறார்கள்". ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தபோது 1 ஜிபி இடம் தருகிறோம் என்றார்கள். மற்றவர்கள் 2 எம்பி, 4 எம்பி என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம். முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். அந்த இடத்துக்கு விலை, கடிதத்தில் உள்ள சொற்களுக்கு ஏற்ப ஓரத்தில் விளம்பரம் வைப்பது. அது உண்மைதான். ஆனால் விளம்பரத்துக்காகக் கடிதத்தை அலசுவதை நிறுத்துவதாக 2017 ஜூனில் கூகுளே அறிவித்துவிட்டது. ஸ்பேம் பிடிக்க, விமானச் சீட்டைக் காலண்டரில் ஏற்ற, பதில் வாக்கியம் எடுத்துக்கொடுக்க இயந்திரம் இன்னும் படிக்கத்தான் செய்கிறது. விளம்பரம் மட்டும் வேறு வழியில் வருகிறது.

அந்த 2017-லேயே ஏப்ரலில் இன்னொரு செய்தி வந்தது. தேவையில்லாத விளம்பர மெயில்களை மொத்தமாக நிறுத்தித் தருகிறோம் என்று சொன்ன அன்ரோல்.மீ என்ற இலவசச் சேவை, அதற்காகப் பயனர்கள் கொடுத்த அனுமதியை வைத்து இன்பாக்ஸில் இருந்த டாக்ஸி ரசீதுகளைச் சேகரித்திருக்கிறது. பெயர்களை நீக்கி அதை ஊபருக்கு விற்றது அதன் தாய் நிறுவனம். போட்டியாளரான லிஃப்ட் எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஊபருக்கு அது உதவியது. இங்கே மெயில் வழங்குநர் எதுவும் செய்யவில்லை. சாவியைக் கொடுத்தது நாம்.

இரண்டாவது முடிச்சு, "யாராலும் படிக்க முடியாது". அதை எழுத ஆரம்பித்தால் நீளும். சாயங்காலம் வருகிறேன்.

ஜனவரி 15, மாலை

புரோட்டானிலிருந்து புரோட்டானுக்குப் போகும் கடிதம் அனுப்புகிறவர் கருவியிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவர் கருவியில்தான் திறக்கிறது. டூட்டாவிலும் அப்படியே. சரி. ஆனால் உங்களுக்கு வரும் கடிதங்களில் எத்தனை அப்படி வருகின்றன? வங்கி, மருத்துவமனை, பள்ளி, கடை, சித்தப்பா, எல்லாமே பூட்டில்லாமல் வருபவை. வந்த நொடியில் சர்வர் அதைப் பார்க்கிறது, ஸ்பேமா என்று சோதிக்கிறது, அப்புறம் உங்கள் பொதுச் சாவியால், அதாவது பூட்ட மட்டுமே உதவும், திறக்க உதவாத சாவியால், பூட்டி உள்ளே வைக்கிறது. வைத்த பிறகு அவர்களாலும் திறக்க முடியாது. இது சின்ன விஷயமில்லை. நாளை யாராவது அவர்கள் சர்வரை உடைத்தாலும் கையில் கிடைப்பது குப்பை. ஆனால் வருகிற வழியில் அது திறந்துதான் இருந்தது, அனுப்பியவரிடம் ஒரு பிரதி திறந்தே இருக்கிறது.

பூட்டுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டூட்டா தலைப்பு வரியையும் பூட்டுகிறது. புரோட்டான் பூட்டுவதில்லை, அது நம்பியிருக்கும் பிஜிபி என்ற பூட்டும் முறை அப்படி. தலைப்பு வரியில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று என் இன்பாக்ஸைத் தலைப்பு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துப் பார்த்தேன். "ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது". "ராஜினாமா கடிதம் – வரைவு 3". "வாடகை பாக்கி, கடைசி நினைவூட்டல்". உள்ளே போகவே வேண்டாம், கதை அங்கேயே முடிந்துவிட்டது.

ஜனவரி 16

"அப்படியானால் மாறவே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. நானே மாறிக்கொண்டிருப்பவன். மாறினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு மாறுங்கள் என்கிறேன்.

ஜனவரி 21

ஏதாவது ஒரு கடிதத்தைத் திறந்து, மெனுவில் மூல வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். "ரிசீவ்ட்" என்று தொடங்கும் வரிகள் அடுக்காக இருக்கும். அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையைத் தலைமாட்டில் குத்திவிட்டு அடுத்ததிடம் தள்ளுகிறது.

நான் திறந்தது பழைய நண்பன் ஒருவன் தன் மடிக்கணினியிலிருந்து அனுப்பிய கடிதம். அடியில் இருந்த வரியில் இணையத்தில் அவன் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி, கணினிக்கு அவன் வைத்திருந்த செல்லப்பெயர், அனுப்பிய நேரம் நொடி சுத்தமாக. தேதி வரியில் நேர வலயம். கடிதத்தில் "ஊரில்தான் இருக்கேன், ஆனா இந்த வாரம் முடியாது" என்று எழுதியிருந்தான். நேர வலயமோ இரண்டு கடல் தாண்டி இருந்தது. நான்கு வருடம் கழித்துக் கண்டுபிடித்து என்ன செய்ய? சும்மா ஒரு ஸ்மைலி அனுப்பினேன், விளக்கம் இல்லாமல். இன்னும் பதில் இல்லை.

உள்ளடக்கத்தைப் பூட்டினாலும் யார், யாருக்கு, எப்போது என்பது வெளியேதான் இருக்கும். இல்லாவிட்டால் கடிதம் போய்ச்சேராது. ஆனால் அனுப்புகிறவரின் ஐபியை இந்த வரிகளிலிருந்து நீக்கிவிட்டு அனுப்பலாம், அதைச் செய்யும் வழங்குநர்கள் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் என் முதல் சோதனை இதுதான். புதிய இடத்தில் ஒரு கணக்கு தொடங்கி, என் பழைய முகவரிக்கு ஒரு கடிதம் போட்டு, மூலத்தைத் திறந்து என் ஐபி தெரிகிறதா என்று பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. தனியுரிமைக் கொள்கை என்ற பெயரில் எழுதிவைத்திருக்கும் புராணத்தைப் படிப்பதைவிட இது அதிகம் சொல்கிறது.

ஜனவரி 22

மின்னஞ்சல் என்பது அஞ்சலட்டை, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பத்து வருடம் முன்பு நானும் இதையே சொல்லித் திரிந்தேன். இன்று அது அவ்வளவு சரியில்லை. சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயிலைக் கைமாற்றும் முறையான எஸ்எம்டிபிக்கு 1982-ல் எழுதப்பட்ட விதிகளில் பூட்டு என்ற பேச்சே கிடையாது. பிற்பாடு ஒட்டுப்போட்டார்கள். இப்போது பெரிய சர்வர்களுக்கு இடையே கடிதம் டிஎல்எஸ் என்ற பூட்டிய பையில் போகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் பை திறக்கப்படுகிறது, அவ்வளவுதான். எதிர்முனைக்குப் பூட்டத் தெரியாவிட்டால் பல சர்வர்கள் சத்தமில்லாமல் திறந்தே அனுப்பிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் நிற்கும் திருடனைவிட நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் இப்போது யோசிக்க வேண்டும்.

ஜனவரி 28

ஒரு கணக்கெடுப்பு. கடந்த ஒரு வருடத்தில் நான் அனுப்பிய கடிதங்கள் 612. அதில் ஜிமெயில் முகவரிகளுக்குப் போனவை 290. அதாவது நான் எந்தக் கோட்டைக்குள் போய் உட்கார்ந்தாலும் என் கடிதங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு கூகுளிடம்தான் இருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

பிப்ரவரி 4

போன வாரக் கணக்கு தப்பு. முகவரியின் வாலை மட்டும் பார்த்து எண்ணியிருந்தேன். அலுவலக முகவரிகளும் கல்லூரி முகவரிகளும் சொந்தப் பெயரில் இருந்தாலும் பின்னால் யாரோ ஒருவரின் சர்வரில்தான் ஓடுகின்றன. எந்த டொமைனுக்கு, அதாவது முகவரியில் அட் குறிக்குப் பின்னால் இருக்கும் பெயருக்கு, வரும் மெயிலை எந்த சர்வர் வாங்குகிறது என்பது எம்எக்ஸ் பதிவு என்று பொதுவிலேயே கிடக்கும், யாரும் பார்க்கலாம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 290 என்பது 431 ஆகிவிட்டது. மீதியில் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்.

ஒரு வழக்கறிஞர், ஒரு பல் மருத்துவர், குழந்தைகள் விளையாட்டுப் பயிற்சி மையம். எல்லாருடைய கடிதத்தாளிலும் சொந்தப் பெயர் பளபளக்கிறது, பின்வாசல் ஒரே தெருவில் திறக்கிறது.

இந்த எண்ணிக்கைக்குப் பிறகு இரண்டு நாள் ஏன் மாற வேண்டும் என்றே தோன்றியது. அப்புறம் வேறு விதமாக யோசித்தேன். அந்த 431 கடிதங்களும் 60, 70 பேரின் பெட்டிகளில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. என் பெட்டியில் மட்டும்தான் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே தேடலில் வரும்படி இருக்கிறது. வங்கி ரசீது, பயணம், மருந்து, சண்டை, சமாதானம், எல்லாம். அந்த ஒரு மொத்தத்தை எங்கே வைப்பது என்பதுதான் என் கையில் இருக்கிறது.

பிப்ரவரி 11

ஸ்கிஃப் என்ற மெயில் சேவை பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பதில் எழுதி வைத்திருந்தேன், அனுப்புவதற்குள் செய்தி வந்துவிட்டது. நோஷன் நிறுவனம் அதை வாங்கிவிட்டது, சேவையை மூடுகிறார்கள், பயனர்களுக்கு ஆறு மாத அவகாசம். என்க்ரிப்ஷன் நன்றாகத்தான் இருந்தது. பூட்டு உறுதியாக இருந்தது, வீட்டையே விற்றுவிட்டார்கள்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதை வைத்து ராத்திரி முழுக்க யோசனை. இந்த இழையில் நான் சொல்ல வேண்டியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது, ஒரு மாதம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

1971-ல் ரே டாம்லின்சன் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ஒரு குறி தேடி அட் குறியை எடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் குறிக்கு இடப்பக்கம் இருப்பவர் குடித்தனக்காரர், வலப்பக்கம் இருப்பவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் நல்லவராக இருக்கலாம், காசு வாங்காமல் வைத்திருக்கலாம், அந்தரங்கத்தை மதிக்கலாம். நாளை விற்றுவிட்டுப் போகலாம். அன்றைக்கு நம்மிடம் இருக்கும் நூற்றுச்சொச்சம் கணக்குகளும் அந்த முகவரியைத்தான் நம்பி நிற்கின்றன.

பழைய முகவரிகளுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? 2013-ல் யாஹூ ஒரு வருடத்துக்கு மேல் தூங்கிக் கிடந்த பெயர்களை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. புதிதாகக் குடிவந்தவர்களில் சிலருக்குப் பழைய ஆளின் தனிப்பட்ட கடிதங்கள் வந்து சேர்ந்தன.

சொந்த டொமைன் ஒன்று வாங்கி, வலப்பக்கத்தில் அதை வைத்துக்கொண்டால் வழங்குநர் பிடிக்காதபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம். முகவரி மாறாது. மெயிலை எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்ற பதிவை மட்டும் மாற்றினால் போதும். எந்த வழங்குநர் நல்லவர் என்ற கேள்வியின் சூடு அதோடு பாதி இறங்கிவிடுகிறது. தப்பானவரைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12, மறுபடி

உடனே ஒரு எதிர்க்குரல் வந்திருக்கிறது, நியாயமானது. நான் மிகவும் மதிக்கும் வழங்குநர் பெர்லினில் இருக்கும் போஸ்டியோ. 2009-லிருந்து இருக்கிறார்கள், மாதம் 1 யூரோ, பெயர் கேட்பதில்லை, உறையில் ரொக்கம் வைத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் சொந்த டொமைனை அனுமதிப்பதில்லை. காரணம் கஞ்சத்தனம் இல்லை. சொந்த டொமைன் என்றாலே அது ஒரு குறிப்பிட்ட ஆளைச் சுட்டுகிறது, கூட்டத்தில் கலந்து நிற்க முடியாது. உண்மைதான். என் டொமைனைப் பயன்படுத்தும் ஒரே ஆள் நான். எந்தப் பட்டியலில் பார்த்தாலும் அது நானே.

ஆக, அடையாளம் தெரியாமல் இருப்பது ஒன்று, யாரையும் நம்பியிராமல் இருப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே முகவரியில் கிடைக்காது. எனக்கு இரண்டாவது போதும். உளவாளிகளிடமிருந்து ஒளிய வேண்டியவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மார்ச் 3

"சுவிட்சர்லாந்தில் இருந்தால் போலீஸ் தொட முடியாதாமே?" தொட முடியும். மூன்று கதை.

லாவாபிட், அமெரிக்கா. அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் வைத்திருந்த மெயில். 2013-ல் எஃப்பிஐ கேட்டது ஒரே ஒரு ஆளைப் பற்றி. ஆனால் கொடுக்கச் சொன்னது சர்வர் முழுவதற்குமான சாவியை, அதாவது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வாசலை. நடத்திய லாடர் லெவிசன் சாவியை 11 பக்கங்களில் 4 பாயிண்ட் எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார், பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாத மாதிரி. கோர்ட் சிரிக்கவில்லை. நாளுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. கடைசியில் ஒழுங்கான வடிவத்தில் கொடுத்தார், ஆகஸ்டில் கடையையே மூடினார்.

டூட்டா, ஜெர்மனி, அப்போது பெயர் டூட்டனோட்டா. 2020-ல் கொலோன் நீதிமன்றம், ஒரு குறிப்பிட்ட கணக்குக்கு இனிமேல் வரும் பூட்டில்லாத கடிதங்களைப் பூட்டுவதற்கு முன் பிரதி எடுத்துக் கொடுக்க வழி செய்யச் சொன்னது. ஜனவரி 15 மாலைக் குறிப்பில் "வந்த நொடியில் சர்வர் அதைப் பார்க்கிறது" என்று எழுதினேனே, அதே நொடி.

புரோட்டான், சுவிட்சர்லாந்து. 2021-ல் பிரெஞ்சு போலீஸ் நேரடியாகப் போகவில்லை, சுவிஸ் அதிகாரிகள் வழியாகப் போனது. ஒரு காலநிலைப் போராளியின் ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. கடிதத்தின் உள்ளடக்கத்தைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அதன் பிறகு முகப்புப் பக்கத்தில் ஐபி பற்றிப் பெருமையாக எழுதியிருந்த வாசகத்தை மாற்றினார்கள்.

கொடுப்பார்களா என்று கேட்டுப் பயனில்லை. சட்டப்படி கேட்டால் எல்லாரும் கொடுப்பார்கள். கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மார்ச் 4

"4 பாயிண்டில் அச்சடிக்க எந்த ஃபான்ட்?" இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியான கேள்வி.

மார்ச் 24

என் சொந்தக் கதை ஒன்று. கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

சில வருடங்களுக்கு முன், பூட்டி வைக்கும் வகையைச் சேர்ந்த ஒரு சேவையில் கணக்கு வைத்திருந்தேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். மறந்தால் என்ன, மாற்றிக்கொள்ளலாம் என்று வழக்கம்போல மீட்பு முகவரிக்கு வந்த இணைப்பை அழுத்திப் புதுக் கடவுச்சொல் போட்டேன். உள்ளே விட்டது. இன்பாக்ஸ் வந்தது, தலைப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு கடிதத்தைத் திறந்தேன். பத்தி பத்தியாக எழுத்தும் எண்ணும் கலந்த குப்பை. அடுத்தது, அதுவும். மூன்று வருடக் கடிதங்கள் கண்ணெதிரே, ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. பழைய கடவுச்சொல்தான் சாவியைத் திறந்துகொண்டிருந்தது. கணக்கு தொடங்கியபோது ஒரு மீட்புக் கோப்பை இறக்கிப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். "பிறகு" என்ற பொத்தானை அழுத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உதவி கேட்டு எழுதினேன். "எங்களாலும் முடியாது" என்று பதில் வந்தது. நியாயமாகப் பார்த்தால் நான் காசு கொடுத்து வாங்கியதே அந்த வாக்கியத்தைத்தான்.

தேடலும் இதே ரகம். சர்வரால் படிக்க முடியாத கடிதத்தை சர்வரால் தேடித்தரவும் முடியாது. உங்கள் கருவியே எல்லாவற்றையும் இறக்கி, அட்டவணை போட்டு, தேட வேண்டும். ஜிமெயிலில் கண் சிமிட்டும் நேரத்தில் பழைய ரசீதைத் தேடிப் பழகியவருக்கு முதல் மாதம் கோபம் வரும். எனக்கு இன்னும் வருகிறது.

ஏப்ரல் 14

வழங்குநரைப் பற்றியே பேசுகிறோம், கடிதத்துக்குள் உட்கார்ந்து வருபவர்களை விட்டுவிட்டோம். ஒரு செய்திமடலின் மூலத்தைத் திறந்தேன். அடியில் ஒரு படம், அகலம் 1, உயரம் 1. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளி. அதன் முகவரி மட்டும் மூன்று வரி நீளம், அந்த நீளம் முழுக்க எனக்கென்றே ஒதுக்கிய எண். நான் கடிதத்தைத் திறந்ததும் படம் அவர்கள் சர்வரிலிருந்து இறங்கும். திறந்த நேரம், எத்தனை முறை, எந்தக் கருவி, ஏறக்குறைய எந்த இடம், எல்லாம் அங்கே பதிவாகிவிடும்.

ஜிமெயில் 2013 இறுதியிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாக இறக்குகிறது, அதனால் ஐபி மறைகிறது. திறந்த விஷயம் மட்டும் தெரியும். ஆப்பிள் 2021-ல் இன்னொரு தந்திரம் செய்தது. அந்த வசதியைப் போட்டுவிட்டால் நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைப் பின்னணியில் இறக்கிவிடும், எண்ணுகிறவர்களுக்கு எல்லாரும் திறந்த மாதிரியே தெரியும். தண்டர்பேர்டு என்ற மெயில் செயலி இயல்பாகவே கேட்காமல் இறக்காது. எதைப் பயன்படுத்தினாலும் அமைப்புகளில் வெளிப் படங்களைத் தானாக இறக்குவதை நிறுத்துங்கள். வழங்குநரை மாற்றாமல் இன்றைக்கே செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்று அல்ல, இரண்டு. கணக்கு அமைப்பில் எந்தெந்தச் செயலிகளுக்கு மெயிலைப் படிக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியலும் இருக்கும். என்னுடையதில் 2016-ல் ஒரே நாள் பயன்படுத்திய ஒரு காலண்டர் செயலி இன்னும் சாவியோடு நின்றுகொண்டிருந்தது.

மே 12

மார்ச் 3 குறிப்புக்கு ஒரு பின்னிணைப்பு. புரோட்டான் மறுபடி செய்தியில். ஸ்பெயின் போலீஸ் விசாரித்த ஒருவரின் கணக்கில் அவர்களால் கொடுக்க முடிந்தது மீட்பு முகவரி மட்டும். அந்த மீட்பு முகவரி ஆப்பிளுடையது. அங்கே போய்க் கேட்டார்கள், ஆளின் விவரம் வந்துவிட்டது.

படித்துவிட்டு என் கணக்கைப் பார்த்தேன். மீட்பு முகவரி: பழைய ஜிமெயில். முன்வாசலுக்கு எஃகுக் கதவு, கொல்லைப்புறத்தில் பழைய வீட்டுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை. எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மீட்புச் சொற்றொடரைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைத்தேன். "பிறகு" பொத்தான் இந்தத் தடவை இல்லை.

ஜூன் 2

மாற்றுமுகவரிகள், அலியாஸ் என்பார்களே, அது. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு முகவரி கொடுப்பது என் வழக்கம். ஒரு சின்ன இணைய சேவைக்கென்று தனியாகக் கொடுத்த முகவரிக்கு ஏழு மாதம் கழித்துக் கடன் தருகிறோம் என்று மெயில் கொட்ட ஆரம்பித்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று காரசாரமாக ஒரு கடிதம் எழுதினேன். தரவை விற்றுப் பிழைக்கிறீர்களா என்று கேட்டிருந்தேன்.

அவர்கள் பதில் போடவில்லை. ஆறு நாள் கழித்து, டிராய் ஹன்ட் 2013-லிருந்து நடத்தும் ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற கசிவுத் தேடல் தளத்தில் என் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் சர்வர் உடைக்கப்பட்டிருந்தது. விற்கவில்லை, பறிகொடுத்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பறிகொடுத்ததை என்னிடம் சொல்லாததற்குத் திட்டி ஒரு பத்தியும் சேர்த்தேன். அலியாஸ் எந்த ஓட்டையிலிருந்து ஒழுகியது என்று காட்டும். ஓட்டை போட்டது யார் என்று காட்டாது.

ஜூன் 3

கூட்டல் குறி போட்டுப் பின்னால் கடைப் பெயர் சேர்ப்பது அலியாஸ் ஆகாது. கூட்டலுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டால் அசல் முகவரி கிடைத்துவிடும், பட்டியல் விற்பவர்களுக்கு அது ஒரு வரி வேலை. சம்பந்தமில்லாத எழுத்துகளால் ஆன முகவரி வேண்டும். அதற்கென்றே சேவைகள் இருக்கின்றன, சிம்பிள்லாகின் அவற்றில் ஒன்று, 2022-லிருந்து புரோட்டான் கையில். பயர்ஃபாக்ஸிலும் ஆப்பிளிலும் உண்டு. சொந்த டொமைன் இருந்தால் வழங்குநரே அட் குறிக்கு முன்னால் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி வைக்கலாம், ஆனால் அதில் ஸ்பேம் குவியும். அனுபவம்.

ஜூன் 23

புரோட்டானின் முதன்மைப் பங்குதாரராக லாபநோக்கமற்ற ஒரு அறக்கட்டளையை ஆக்கியிருக்கிறார்கள். ஸ்கிஃபுக்கு நடந்தது இங்கே நடப்பது கடினம் என்று அர்த்தம். நல்லது. டொமைனை விடமாட்டேன்.

ஜூலை 21

"சொந்த சர்வரே வைத்துவிட்டால்?" வைத்தேன். எட்டு மாதம். சர்வர் நன்றாக ஓடியது, நான் அனுப்பிய கடிதங்கள்தான் போய்ச்சேரவில்லை. போய்ச்சேர்ந்தவை ஸ்பேமில். பெரியவர்களின் சர்வர்களுக்கு முன்பின் தெரியாத ஐபி என்றாலே சந்தேகம். அனுப்புகிறவர் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சரியாக வைத்தும் அதே கதி. வேலைக்கு விண்ணப்பித்த ஒரு கடிதம் யார் ஸ்பேம் பெட்டியில் செத்ததோ தெரியாது. இதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

செப்டம்பர் 8

மாற்றும் வேலை முடிந்தது. கடவுச்சொல் பெட்டகத்தில் இருந்தவை 183 கணக்குகள். 121-ல் அமைப்புகளுக்குப் போய் முகவரியை மாற்ற முடிந்தது. 40-ஐத் தேவையில்லை என்று அழித்தேன், அதுவே பெரிய நிம்மதி. 9 தளங்கள் இப்போது உலகத்திலேயே இல்லை. இன்னும் 9 இடத்தில் உதவிக் குழுவுக்கு எழுதி, அடையாளம் காட்டி, கெஞ்சி மாற்றினேன். அதில் ஒன்று, அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் மெயிலில் அட்டாச் செய்து அனுப்பச் சொன்னது. அந்தரங்கத்தைக் காப்பாற்றப் போய் அடையாள அட்டையை மெயிலில் அனுப்புகிறேன். மிச்சம் 4. அங்கே முகவரியை மாற்ற வழியே கிடையாது, நீங்கள் யார் என்றால் அந்த முகவரிதான் நீங்கள்.

வருட முடிவில் ஜிமெயிலை மூடிவிடுவேன். அந்த நான்கு போனால் போகட்டும்.

அக்டோபர் 6

ஒரே வரியில் பதில் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இழை முழுக்கப் படித்தாராம். சொந்த டொமைன் வாங்கிவிட்டார், அதைக் கூகுளின் கட்டணச் சேவையிலேயே வைத்திருக்கிறார், தேடல் நன்றாக இருக்கிறதாம். முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் யோசித்தால், நான் பிப்ரவரி 12-ல் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். நாளை மனம் மாறினால் ஒரு மதியத்தில் வெளியேறிவிடுவார். நானோ எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 17

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை.

செப்டம்பரில் 121 கணக்குகளின் முகவரியை மாற்றினேனே, அதில் டொமைன் பதிவு செய்த நிறுவனத்தின் கணக்கும் ஒன்று. பெருமையாகப் புது முகவரியைப் போட்டேன். என் கடன் அட்டை அக்டோபரில் காலாவதியானது. டொமைனைப் புதுப்பிக்கும் கட்டணம் தானாகப் போகவில்லை. நினைவூட்டல்கள் வந்தன, எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குள். வேறு எதையோ தேடிப் போனபோதுதான் கண்ணில் பட்டது. காலாவதிக்கு ஆறு நாள் மிச்சம்.

தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி தாளில் வரைந்து பார்த்தேன். டொமைன் நின்றதும் மெயில் நிற்கும். "உங்கள் டொமைன் நின்றுவிட்டது" என்ற எச்சரிக்கை அந்த நின்றுபோன முகவரிக்கே போகும். பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தால் அதை மாற்றும் இணைப்பும் அங்கேதான். அவகாசம் முடிந்து அந்தப் பெயரை வேறு யாராவது வாங்கினால், 130 கணக்குகளின் மீட்புக் கடிதங்களும் அவருக்குப் போகும். யாஹூ கதையில் நான் வீட்டுக்காரரைத் திட்டினேன். இங்கே வீட்டுக்காரர் நானே.

பத்து வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டிவிட்டேன். பதிவுக் கணக்கின் தொடர்பு முகவரி என் டொமைனில் இருக்கக் கூடாது, வேறு எங்காவது இருக்க வேண்டும். எங்கே? யோசித்து யோசித்துப் பார்த்து, இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத்தான் போட்டேன்.

ஆகவே செப்டம்பர் 8 குறிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்களை அடித்துவிடுங்கள். இரண்டு வருடம் எட்டிப்பார்க்காத கணக்குகளைக் கூகுள் அழிக்க ஆரம்பித்திருக்கிறது, அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே போய் வர வேண்டும். காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன்.